ஏழில் வைத்த பம்ப்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு ரேலீன் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு சாக்ஸோடு உள்ளே நடந்தவளுக்கு ஹாலில் நாலாவது எட்டில் கால் சில்லென்று நனைந்தது. குனிந்து பார்த்தாள். மரத்தரையில் தண்ணீர் கண்ணாடி போலப் பரவி, கம்பளத்தின் ஓரத்தை ஊறவைத்துவிட்டு, மெதுவாகச் சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடல் வாசனை. மீன் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய ஏடு போலத் தண்ணீர் வழிந்தது. அது வழிவதில் சத்தமே இல்லை. சத்தமெல்லாம் தொட்டியின் மூலையிலிருந்து வந்தது. மூன்று வாரமாக வந்துகொண்டிருக்கும் அதே சத்தம், யாரோ காலி டம்ளரை ஸ்ட்ராவால் விடாமல் உறிஞ்சுவதுபோல.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுவரில் இருந்த சுவிட்சுகளில் "பம்ப்" என்று எழுதி ஒட்டியிருந்ததை அணைத்தாள். வழிவது நின்றது. பிறகு க்ளெனுக்குப் போன் செய்தாள். மணியே அடிக்காமல் நேராக அவன் பதிவுக்குரல் வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: அவன் இந்த வாரம் கடலோரத்தைவிட்டு வெகுதூரம் உள்ளே ஏதோ மாட்டுப் பண்ணையில் ஆழ்குழாய் பம்ப் பழுது பார்க்கப் போயிருந்தான். வெள்ளிக்கிழமைவரை சிக்னல் இருக்காது என்று சொல்லியிருந்தான்.

"வீடெல்லாம் தண்ணி. பம்பை நிறுத்திட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

க்ளென் இந்த வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. போனதென்றால் அவளாகப் போகச் சொன்னது. உடுப்புகள், தூண்டில்கள், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் ஒற்றை அறை வீட்டுக்குப் போனான். தொட்டியை மட்டும் எடுத்துப் போக முடியவில்லை. ஆறடி நீளம், எழுநூறு லிட்டர், அடியில் உள்ள அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. தண்ணீரோடும் கல்லோடும் ஒரு டன்னுக்கு மேல் வரும். அதிலிருந்த சில பவளங்களுக்கு அவர்கள் மகள் டீகனின் வயதில் பாதிக்கு மேல். ஆகவே சனிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு அவன் துறைமுகத் தடுப்புச்சுவரில் மொண்ட கடல் தண்ணீர்க் கேன்களோடு வருவான். கொஞ்சம் தண்ணீரை மாற்றுவான், கண்ணாடியைச் சுரண்டுவான், ஒரு தேநீர் குடிப்பான், போவான். டீகன் பெர்த் நகரத்திலிருந்து போனில், "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சீங்களா, இல்ல மீனைப் பாத்துக்கறதுக்கு டைம்டேபிள் போட்டீங்களா?" என்று கேட்டாள். ரேலீன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு பழைய பம்ப் முனகத் தொடங்கியதும் க்ளென் புதிது வாங்கி மாட்டினான். அன்றிலிருந்துதான் இந்த உறிஞ்சல். காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவே ஐந்து மணி நேரம் அவள் வீட்டில் இருப்பாள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளின் கூச்சலைத் தலையில் வாங்கிக்கொண்டு வருபவளுக்கு அந்த ஐந்து மணி நேரம்தான் மூச்சு. அதையும் அந்தச் சத்தம் உறிஞ்சியது. புதன்கிழமை அவனைக் கூப்பிட்டாள். வந்தான். வால்வை இப்படியும் அப்படியும் திருகினான், அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றான், தேநீர் குடித்தான். அடுத்த புதனும் அப்படியே. இரண்டாவது தடவை, அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னான்:

"மேல இருக்கற குழாய் பாவம், ரே. கீழேருந்து பம்ப் எவ்வளவு அனுப்புதோ அவ்வளவையும் அது வாங்கிக் கீழே விட்டாகணும். தனக்குன்னு ஒரு பேச்சு கிடையாது அதுக்கு. யோசிச்சா நாமளும்..."

"க்ளென், இதை நம்ம கதையாக்காதே."

"சரி" என்றான். பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டான்.

இப்போது அவள் குளியலறைத் துண்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து தரையில் போட்டாள். போதவில்லை. பக்கத்து வீட்டு கார்மெல் வெல்லாவை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டாள். கார்மெல் மால்டாக்காரி, பேக்கரியில் விடிகாலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்; கையில் இன்னும் மாவு. கதவருகே நின்று ஹாலைப் பார்த்தாள்.

"ஏன்டி, மீனை வெளிய விட்டுப் பழக்கறியா?"

"துண்டு இருந்தா கொண்டு வா. பேச்சு அப்புறம்."

"உன் புருஷன் எங்க?"

"புருஷன் இல்ல."

"சரி, இல்லாத புருஷன் எங்க?"

"மாட்டுப் பண்ணைல."

"நல்ல இடம்" என்று சொல்லிவிட்டு கார்மெல் துண்டெடுக்கப் போனாள்.

இரண்டு பேரும் முட்டிபோட்டுப் பிழிந்து பிழிந்து ஏழு வாளி எடுத்தார்கள். கம்பளத்தைச் சுருட்டி வெயிலில் போட்டார்கள். பம்பை அதிக நேரம் நிறுத்தி வைத்தால் பவளம் செத்துப்போகும் என்பது மட்டும் ரேலீனுக்குத் தெரியும். அதனால் நாற்காலி போட்டு ஏறித் தொட்டியின் மூலையைப் பார்த்தாள். அங்கே பல்வரிசை வெட்டிய கறுப்புப் பெட்டி ஒன்று. தொட்டியில் மிஞ்சும் தண்ணீர் அந்தப் பற்களின் வழியே உள்ளே விழும். பெட்டிக்குள் இரண்டு குழாய்கள். ஒன்று தாழ்வாக, ஒன்று உயரமாக. பதினெட்டு வருடமாக இந்தப் பெட்டி இந்த வீட்டில் இருக்கிறது, அவள் உள்ளே பார்ப்பது இதுதான் முதல் தடவை. சட்டைக் கையை மடக்கித் தோள்வரை கையை விட்டாள். தாழ்ந்த குழாயின் வாயில் உருண்டையாக, கெட்டியாக, வழுவழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. திருகி இழுத்தாள். எலுமிச்சை அளவு நத்தை.

"இவ்வளவுதானா?" என்றாள் கார்மெல்.

"இவ்வளவுதான்."

நத்தையைத் தொட்டிக்குள் மறுகோடியில் விட்டாள். பம்பைப் போட்டாள். தண்ணீர் வழியவில்லை. ஆனால் உறிஞ்சல் திரும்ப வந்தது.

அதுதான் அவளுக்குப் பொருந்தவில்லை. மாலைச் சுற்றில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அதையே யோசித்தாள். அடைப்பு எடுத்தாகிவிட்டது, பிறகும் ஏன் சத்தம்? தவிர, உயரமான குழாய் எதற்கு? தாழ்ந்தது அடைத்தால் காப்பாற்றத்தானே அது இருக்க வேண்டும்? காப்பாற்றவில்லையே. ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னாலிருந்து பிள்ளைகள், "மிஸ், மிஸ்" என்று கத்தின. ரிவர்ஸ் எடுக்க முடியாத தெரு. இரண்டு பிள்ளைகளை நூறு மீட்டர் தள்ளி இறக்கிவிட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அலமாரிக் கதவைத் திறந்து அதன் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கையில் நாலு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, பக்கத்தில் போன். மேலேயிருந்து இரண்டு குழாய்களும் ரப்பர் ஹோஸாக இறங்கி அடித்தொட்டியில் முடிந்தன. ஒரு ஹோஸின் நுனியைத் தூக்கி டப்பாவுக்குள் பிடித்தாள். டப்பா நிறைய ஐந்து விநாடி. ஐந்து தடவை பிடித்தாள், ஐந்து தடவையும் ஏறக்குறைய ஐந்துதான். இன்னொரு ஹோஸ்: ஒன்பது விநாடி. மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒன்று நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு லிட்டர், மற்றது இருபத்தாறு, இருபத்தேழு. மொத்தத்தில் பம்ப் மேலே தள்ளுவது எழுபத்தைந்து.

உறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தாழ்ந்த குழாய் தாங்குவது நாற்பத்தெட்டு. மிச்சம் இருபத்தேழு, ஆபத்துக்கென்று வைத்த உயரமான குழாயில் காற்றும் நீருமாக உறிஞ்சிக்கொண்டு இறங்குகிறது. சத்தம் அதனால்தான். ஆபத்துக்கென்று இருந்த வழி ஏற்கெனவே பாதி வேலையில் இருந்தது. உண்மையான ஆபத்து வந்தபோது அதில் இடமில்லை. இவ்வளவு எளிது. இருபத்திரண்டு வருடம், மூடும்வரை, சுத்திகரிப்பு ஆலையில் பம்புகளோடு வாழ்ந்தவனுக்கு இது தெரியாமலா போகும்?

ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை வைத்துத் தான் கண்டுபிடித்ததை அவன் இரண்டு புதன்கிழமை தேடியும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் முதலில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குழாயைப் பெரிதாக்க முடியாது. அப்படியானால் பம்பைக் குறைக்க வேண்டும். பம்பின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது அலமாரியின் பின்பலகையைத் தாண்டி, சுவருக்கும் மரத்துக்கும் நடுவே போயிற்று. டார்ச்சைக் கடித்துக்கொண்டு கன்னத்தைச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, பலகையின் முதுகில் ஒட்டியிருந்தது. அதில் பத்து விளக்குகள் வரிசையாக. ஏழு எரிந்தன. கை எட்டும் தூரம்தான். பிய்த்து முன்னால் எடுத்தாள்.

பெட்டியின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். க்ளெனின் கையெழுத்து. ஆலையில் பழகிய கை. எதை மாட்டினாலும் தேதியும் அளவும் எழுதி ஒட்டாமல் அவனால் இருக்க முடியாது. இந்த வீட்டில் சுவிட்சுக்கெல்லாம் டேப், ஃபியூஸுக்கெல்லாம் டேப், தேநீர் டப்பாவுக்குக்கூட ஒரு காலத்தில் இருந்தது. இதில் பம்ப் மாட்டிய சனிக்கிழமையின் தேதி இருந்தது. அதற்குக் கீழே: "4. சத்தமில்லை."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பொத்தானை மூன்று முறை அழுத்தினாள். ஆறு, ஐந்து, நாலு. மேலே உறிஞ்சல் ஒருமுறை நீண்டு, இருமியதுபோல் உடைந்து, நின்றது. வீட்டில் மின்விசிறி சுற்றும் ஒலி கேட்டது. வெளியே கார்மெல் யாரோடோ மால்டீஸில் போன் பேசுவது கேட்டது. இரண்டாவது ஹோஸிலிருந்து நூல் மாதிரி ஒரு தாரை மட்டும் விழுந்தது.

அன்றே, முதல் நாளே, அவன் நாலில் வைத்துப் பார்த்திருக்கிறான். சத்தமில்லை என்று எழுதியிருக்கிறான். அப்புறம் ஏழுக்கு ஏற்றி, கைக்கு எளிதில் படாத இடத்தில் ஒட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

கோபம் உடனே வரவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்றாள். இரண்டு புதன்களிலும் அவன் தலைவாரி, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தது ஞாபகம் வந்தது. போன் செய்து இருபது நிமிடத்தில் வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. தரையில் நடந்தபோது, ஊறி மேலெழும்பிய ஒரு பலகை காலில் இடறியது. அப்போதுதான் கோபம் வந்தது. அது வியாழனும் இருந்தது, வெள்ளியும் இருந்தது. ஆனால் வீடு அமைதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு சுற்றுக்கும் நடுவே, சோபாவில் படுத்து ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். பல மாதங்களில் அப்படித் தூங்கியதில்லை.

சனிக்கிழமை எட்டரைக்கே வண்டிச் சத்தம் கேட்டது. க்ளென் கேன்களை எடுக்காமல் வெறுங்கையோடு ஓடிவந்தான். முகத்தில் சவரமில்லை, சட்டையில் பண்ணைச் செம்மண்.

"நேத்து ராத்திரிதான் மெசேஜ் கேட்டேன். எவ்வளவு தண்ணி போச்சு? நீ வழுக்கி விழலையே? எத்தனை..." என்றவன் ஹாலில் நாலு எட்டு வைத்ததும் நின்றான்.

அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொட்டியைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துக் காதுகொடுத்தான்; உறிஞ்சல் இல்லை. அப்புறம் மேசையைப் பார்த்தான். அதன் மேல் அந்தச் சின்னப் பெட்டி, நீளமான வயரோடு, டேப் ஒட்டிய பக்கம் மேலே தெரிய.

"நத்தை போய்க் குழாயை அடைச்சிருந்தது" என்றாள்.

"நத்தை வரும்னு நினைக்கல" என்றான்.

"வேற என்ன நினைச்சே?"

"சத்தம் மட்டும் வரும்னு. நீ கூப்பிடுவேன்னு."

"கூப்பிட்டேன்."

"ஆமா."

"சனிக்கிழமை வர்றது போதலையா?"

"சனிக்கிழமை நான் வர்றது தொட்டிக்கு. நீ கூப்பிட்டு ஒரு நாள் வரணும்னு..." அவன் பார்வை தரைக்கு இறங்கியது. எழும்பி நின்ற பலகையைக் கண்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். "இதை மாத்திக் குடுக்கறேன். மரம் கிடைக்கும்."

"பலகையை விடு. க்ளென், என்கிட்ட ஏதாவது வேணும்னா வாயைத் திறந்து கேளு. தரையில தண்ணியை அனுப்பாதே."

அவன் தலையாட்டினான். குந்தியபடியே இருந்தான். கழுத்து மட்டும் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது.

"அப்போ கேக்கறேன். எதுக்கு என்னைப் போகச் சொன்னே?"

எட்டு மாதத்தில் அவன் அதைக் கேட்டதில்லை. அன்றுகூடக் கேட்கவில்லை; சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டி எடுக்கப் போனான். அவளும் அதை யாருக்கும் சொன்னதில்லை, டீகனுக்குக்கூட.

"போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு வியாழக்கிழமை" என்றாள். "மார்ல எடுத்த சதைக்கு ரிசல்ட் வாங்கிட்டு வந்தேன். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. வழியெல்லாம் உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டே ஓட்டிட்டு வந்தேன். நீ இந்தத் தொட்டிக்குள்ள தோள்வரைக்கும் கையை விட்டிருந்தே. திரும்பிக்கூடப் பாக்கல. டார்ச்சைக் கொஞ்சம் பிடின்னு சொன்னே. பிடிச்சேன். பத்து நிமிஷம் பிடிச்சேன். கையை வெளிய எடுத்து, துடைச்சிட்டு, சாப்பாடு என்னன்னு கேட்டே."

க்ளென் பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"எனக்கு அன்னைக்கு என்ன நாள்னு தெரியும்" என்றான்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. மறந்துவிட்டான் என்றே இத்தனை நாளும் வைத்திருந்தாள். மறதியை வைத்துத்தான் தன் கோபத்தையெல்லாம் அடுக்கியிருந்தாள்.

"காலைலேருந்து தெரியும். உன் கார் உள்ள வர்ற சத்தம் கேட்டதும் கையை உள்ள விட்டேன். ஒரு வேலையும் இல்ல உள்ள. கேட்டா நீ சொல்லிடுவியேன்னு பயம். சாப்பாடு என்னன்னு கேட்டப்போ நீ சாதாரணமா பாஸ்தான்னு சொன்னே. அப்போதான், சரி, ஒண்ணுமில்ல போலன்னு..."

"பாஸ்தான்னு சொன்னதை வெச்சு முடிவு பண்ணிக்கிட்டே."

"ஆமா."

"நிஜமாவே பெரிய ஆளு நீ."

அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் கொதிக்கும்வரை சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்க மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழ வௌவால்கள் கடித்துப்போட்ட பிஞ்சுகள் புல்லில் கிடந்தன. அவன் பயந்தான் என்பது மறந்தான் என்பதைவிட மேலா கீழா என்று எடைபோடப் பார்த்தாள். ஒரு முடிவுக்கும் வரவில்லை. இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினாள், கை தானாகவே ஒன்றில் மட்டும் சர்க்கரை போட்டது.

அவன் கேன்களை இறக்கிக் கொண்டுவந்திருந்தான். வழக்கம்போலத் தண்ணீரை மாற்றத் தொடங்கினான். அவள் கோப்பையை நீட்டியபடி சொன்னாள்:

"இன்னைக்கு எல்லாத்தையும் எனக்குக் காட்டு. ஒவ்வொண்ணா. நீ வரலைன்னாலும் இது ஓடணும்."

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டான். "வர வேண்டாம்னு சொல்றியா?"

"வரலைன்னாலும் ஓடணும்னு சொல்றேன்."

காட்டினான். உப்பை எப்படி அளப்பது, வடிகட்டிப் பஞ்சை எப்போது மாற்றுவது, எந்த மீன் சாப்பிடாவிட்டால் கவலைப்பட வேண்டும், எது சும்மா நடிக்கும். அவள் அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டினாள், தன் கையெழுத்தில். ஒரு தடவை அவன் திருத்தப் போனான். அவள் பார்த்த பார்வையில் பேனாவை வைத்துவிட்டான். தாழ்ந்த குழாயின் வால்வை முழுதும் திறந்து, பிறகு மயிரிழை மயிரிழையாக மூடிக்கொண்டே வந்து, பெட்டிக்குள் தண்ணீர் உயரமான குழாயின் வாயைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தை அவளே பிடித்தாள். "ஆலையில இதுக்கு எங்களுக்கு அரை ஷிப்ட் ஆகும்" என்றான். "உங்க ஆலையை மூடினதுல ஆச்சரியமில்ல" என்றாள். அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் கடைசியில். "புயல் சீசன் வருது. கரண்ட் போச்சுன்னா பம்ப் நிக்கும். மேல நிக்கற தண்ணி கொஞ்சம் கீழ இறங்கும், குழாயில இருக்கறதும் திரும்பி வரும். அவ்வளவையும் அடித்தொட்டி தாங்கணும். பழைய பம்புக்குத் தாங்கிச்சு. செவ்வாய்க்கிழமை நீ நிறுத்தினப்போ தண்ணி ஏற்கெனவே தரைக்குப் போயிருந்தது. புதுசுக்கு நான் பார்க்கல."

"ஏன் பார்க்கல?"

அவன் அடித்தொட்டியின் விளிம்பை விரலால் தடவினான்.

"இப்போ பாரு" என்றாள்.

அவன் பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தான். இரண்டு பேரும் அலமாரியின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் குந்தினார்கள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பம்பின் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கத் தொடங்கியது, இரண்டு ஹோஸ்களும் சேர்ந்து கொட்டின, அடித்தொட்டியில் மட்டம் கண்ணெதிரே ஏறியது. விளிம்புக்கு ஒரு சாண். நாலு விரல். மேலே தொட்டியில் பவளத்தின் விரல்கள் ஆட்டம் குறைந்து ஒவ்வொன்றாக நின்றன. மூன்று விரல். ஹோஸிலிருந்து விழுவது மெலிந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை.

"போட்டுடவா?" என்றான் க்ளென். எழுந்துபோய்ச் சுவிட்சின் மேல் விரலை வைத்துவிட்டான்.

"இரு."

அவள் முகவாயை முழங்காலில் வைத்துக்கொண்டு ஏறும் தண்ணீரின் ஓரத்தையே பார்த்தாள். அவன் விரலை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடித்தொட்டிக் கண்ணாடியின் மேல் ஈரக்கோடு இன்னும் சிறிது ஏறியது.